நூறு புள்ளி

இரகுநாதன் தன் காலஞ்சென்ற மனைவியின் பெயரை யாராவது பிழையாக எழுதினால்கூடப் பொறுத்துக்கொள்வார். எழுதாமல் விட்டால் பொறுக்கமாட்டார். கல்வித் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வுபெற்றவர், யாழ்ப்பாணத்துக்குத் திரும்பாமல் பதுளையிலேயே தங்கிவிட்டவர். மனைவி போன மறுவருடமே பசறை வீதியில் ஒரு மாடிக் கட்டடத்தை எடுத்து 'ஈஸ்வரி நினைவு ஆசிரியர் பயிற்சி நிலையம்' என்று பலகை மாட்டினார். வருடத்துக்குப் பத்துப் பேர், எல்லாரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். இரண்டு வருடம் அங்கேயே தங்கிப் படிக்கலாம். முடித்து வெளியே வந்தால் ஏதாவதொரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் வேலை அநேகமாக நிச்சயம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2006ஆம் ஆண்டில் இதைவிடப் பெரிய கதவு அந்தப் பக்கத்தில் இருக்கவில்லை.

ஆகவே விண்ணப்பம் எழுதுகிற அத்தனை பேரும் முதல் சொல்லிலேயே அந்த அம்மாளின் காலில் விழுந்துவிடுவார்கள். 'ஈஸ்வரி அம்மாவைக் கும்பிட்டு எழுதிக்கொள்வது' என்று தொடங்கினால்தான் விண்ணப்பம் என்று தோட்டங்களில் ஒரு பேச்சு. அப்படி எழுதச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. எழுதாமல் விட்டவர்கள் தேறியதில்லை, அவ்வளவுதான்.

சஜீவனி அப்படி எழுதியும் போன வருடம் பதினோராவதாக வந்தவள். பத்துப் பேருக்குத்தானே இடம்! பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இருதயம்மாவின் ஒரே மகள். தகப்பன் சிங்கராயர் அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்போதே மலையில் சறுக்கி விழுந்து இறந்துபோனார். பதினோராவதாக வந்த பெண்ணின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, நிலையத்திலேயே தட்டச்சு வேலை கொடுத்தவர் இரகுநாதன்தான். அந்த நன்றி அவளுக்கு இருந்தது. இந்த வருடம் அவளுக்கு இருபத்திரண்டு. விண்ணப்பிக்கிற வயதெல்லையும் இருபத்திரண்டு. இதை விட்டால் இனிக் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும், தாய்க்கும் தெரியும்.

அந்த வருடம்தான் விண்ணப்பமெல்லாம் இணையத்தளத்துக்கு ஏறியது. கனடாவில், ரொறன்ரோவிலிருக்கும் அவருடைய மகன் சொன்னானாம், இரகுநாதன் சரி என்றாராம். தளத்தைச் செய்து கொடுத்தவன் அவருடைய தங்கை மகன் கஜரூபன். கொழும்பில் ஒன்றரை வருடம் கணினி டிப்ளோமா செய்துவிட்டு வந்தவன். உலகத்தில் எல்லாம் தெரிந்த முகத்தோடு உட்கார்ந்த கதிரையைச் சுழற்றிச் சுழற்றிப் பேசுவான். தோட்டங்களில் இணையம் ஏது? பிள்ளைகள் கையால் எழுதித் தபாலில் அனுப்புவார்கள், அவற்றைச் சஜீவனி பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து தளத்தில் ஏற்றுவாள். தெரிவுக் குழுவிலிருக்கிற மூன்று பேரும் அவரவர் கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்து வாசித்துப் புள்ளி போடுவார்கள். இதற்குப் பெயர் நவீனம்.

நவீனம் முதல் வாரத்திலேயே இரகுநாதனின் வயிற்றில் அடித்தது. அவர் திறந்த விண்ணப்பங்களில் ஒன்றில்கூட ஈஸ்வரியின் பெயர் இல்லை. பெயர் மட்டுமா? அதோடு பாதி வாக்கியமும் காணோம். சில விண்ணப்பங்கள் முழுக்க வெறுமை. "என்ர மனுசியின்ர பேரைத்தான் உன்ர மெசின் தின்னுதோ?" என்று அவர் போட்ட சத்தம் வீதிவரை கேட்டது. கஜரூபன் இரண்டு நாள் தலையைச் சொறிந்தான்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் சஜீவனி. நாள் முழுக்க விசைகளில் விரல் வைத்திருப்பவளுக்குத்தானே எந்த எழுத்து எங்கே இருக்கிறதென்று தெரியும். இணையப் பக்கத்துக்குக் கொடுக்கிற கட்டளை எதுவும் ஒரு கோண அடைப்பில் தொடங்கி இன்னொரு கோண அடைப்பில் முடியும். விண்ணப்பத்துக்குள் யாரும் கட்டளை எழுதி அனுப்பிவிடக்கூடாது என்று கஜரூபன் ஒரு வடிகட்டி வைத்திருந்தான். அது திறக்கும் அடைப்பைக் கண்டால் மூடும் அடைப்பு வரும்வரை எல்லாவற்றையும் சேமிக்குமுன்னே விழுங்கிவிடும். பாமினியிலோ ஈ என்ற எழுத்து இருப்பது அந்தத் திறக்கும் அடைப்பின் விசையில், காற்புள்ளி இருப்பது மூடும் அடைப்பின் விசையில். எனவே ஈஸ்வரி என்று எழுதினால் அந்த இடத்திலிருந்து அடுத்த காற்புள்ளி வரை போய்விடும். காற்புள்ளியே போடாதவர்களுக்குக் கடைசி எழுத்துவரை போய்விடும்.

"இதான் சேர் விஷயம்" என்று அவள் இரண்டு விசைகளையும் தொட்டுக் காட்டினாள்.

"எனக்கும் அதிலதான் சந்தேகம் இருந்தது" என்றான் கஜரூபன். சந்தேகமாவது மண்ணாவது! பிறகு மாமாவிடம் போய்த் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லி, ஒரு தேநீரும் குடித்துவிட்டு வந்து, வடிகட்டியை ஒரேயடியாகக் கழற்றி எறிந்தான். சஜீவனி எல்லாவற்றையும் மறுபடி தட்டி ஏற்றிய பிறகு ஈஸ்வரி எல்லா விண்ணப்பத்திலும் திரும்பவும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரகுநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சஜீவனிக்கு மட்டும் மனது உறுத்தியது. பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் பழைய கணினிச் சஞ்சிகைகளை வாங்கிப் படிக்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது. வடிகட்டி இல்லாத தளத்தில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பத்துக்குள் ஒரு கட்டளையை ஒளித்துவைக்கலாம். திரையில் அது எழுத்தாகத் தெரியாது. ஆனால் விண்ணப்பத்தோடு சேர்ந்து சேமிப்பில் கிடக்கும். யார் அந்த விண்ணப்பத்தைத் திறந்தாலும் அவருடைய கணினியில், அவருடைய பெயரில், அவருக்கே தெரியாமல் ஓடும். இதை ஒரு புதன்கிழமை மதியம் கஜரூபனிடம் சொன்னாள்.

"சேர், விண்ணப்பத்துக்குள்ள கட்டளை எழுதினா ஓடுதுங்க. குழுவில இருக்கிறவங்க திறந்தாங்கன்னா அவங்க பேர்ல புள்ளி கூடப் போடலாம்."

"ஆர் எழுதப்போறது?"

"யாராவது."

"கொழுந்து பறிக்கிற சனமே உமக்கு ஸ்கிரிப்ட் எழுதப்போகுது?" கஜரூபன் வாய்விட்டுச் சிரித்தான். தான் பேசிக்கொண்டிருப்பது யாருடைய மகளிடம் என்பது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் சிரித்திருப்பான்.

"வடிகட்டி வேணாங்க சேர். எழுதினதை எதையும் அழிக்காம, காட்டுற நேரத்தில மட்டும் அந்த அடைப்பைக் கட்டளையா எடுக்காம எழுத்தா காட்டுன்னு சொன்னாப் போதும். ஈஸ்வரி அம்மா பேரும் நிக்கும், கட்டளையும் ஓடாது."

இது சரியான வைத்தியம். ஒரே வரி வேலை. ஆனால் தட்டச்சுப் பெண் சொல்லி அதைச் செய்தால் கஜரூபனின் டிப்ளோமா என்னாவது? "உம்மட வேலையைப் பாரும்" என்றான்.

அவள் வேலையைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தன் விண்ணப்பமும் அந்தத் தளத்தில்தான் இருக்கப்போகிறது, யாரோ ஒரு கெட்டிக்காரன் வந்து எல்லாருடைய புள்ளியையும் மாற்றிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. காட்டினால் நம்புவான் என்று நினைத்தாள். அடுத்தவர் விண்ணப்பத்தில் கை வைக்க மனம் வரவில்லை. அதனால் நாற்பத்தோராம் இலக்க விண்ணப்பத்தில், தன்னுடைய சொந்த விண்ணப்பத்தில், கடைசிப் பந்திக்குக் கீழே ஐந்து வரிக் கட்டளை ஒன்றை எழுதி ஏற்றினாள். அந்த நேர்மைதான் அவளைத் தின்றது. வேறு யாருடைய விண்ணப்பத்திலாவது எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஏப்ரல் பதினெட்டாம் திகதி, புத்தாண்டு விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த நாள், கஜரூபனைத் தன் கடவுச்சொல்லில் நாற்பத்தொன்றைத் திறக்கச் சொன்னாள். அவனுக்கும் பரிசோதனைக்கென்று ஒரு புள்ளிக் கட்டம் இருந்தது. திறந்தான். அவன் எதையும் தொடவில்லை. வெறுமையாக இருந்த கட்டத்தில் நூறு என்று விழுந்தது.

கஜரூபனின் முகத்தில் சிரிப்பு நின்றது. "இதை வேற ஆருக்கும் காட்டினீரோ?"

"இல்லைங்க சேர்."

"மாமாவுக்கு?"

"இல்லைங்க."

மூச்சை விட்டான். நூறை அழித்துக் கட்டத்தை வெறுமையாக்கினான். "சரி. முடிஞ்சுது."

"நூறை அழிச்சாப் பத்தாதுங்க சேர். கட்டளை என் விண்ணப்பத்துக்குள்ளயே இருக்கு. அடுத்த ஆள் திறந்தா திரும்பவும் போடும். அந்த அஞ்சு வரியை எடுக்கணும். ஏத்தினதுக்கப்புறம் பூட்டிக்கிதே, என்னால திறக்க முடியாது. நீங்கதான் எடுக்கணும்."

"எனக்குப் படிப்பிக்காதையும். எடுக்கிறன்."

ஒரு வாரம் கழித்துக் கேட்டாள். எடுக்கிறேன் என்றான். விண்ணப்பம் முடிகிற நாளன்று கேட்டாள். தெரிவு நாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமையும் கேட்டாள். "எடுத்தாச்சு எண்டு சொன்னனான்தானே!" என்று எரிந்து விழுந்தான். அதற்கு மேல் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. சம்பளம் கொடுப்பவரின் மருமகன் அல்லவா.

அவன் எடுக்கவில்லை. சூழ்ச்சி என்று எண்ணிவிடவேண்டாம். சூழ்ச்சிக்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். அழித்த நூறோடு எல்லாம் ஒழிந்தது என்று அவன் நினைத்தான், அவ்வளவுதான். சேமிப்பில் கிடப்பது கிடக்கும் என்று அவள் சொன்னதை ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டான்.

மே இருபத்தொன்பது, திங்கட்கிழமை. மேல்மாடியில் இரகுநாதனும் ஓய்வுபெற்ற அதிபர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கணினி முன்னால் அமர்ந்திருந்தார்கள். கீழே தட்டச்சு அறையில் சஜீவனி விரல்களைக் கோத்துக்கொண்டு செபித்துக்கொண்டிருந்தாள். காலையில் இருதயம்மா பஸ் ஏற்றிவிடும்போது, "இந்த வாட்டி பத்துக்குள்ள வந்துருவே புள்ள" என்று நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பியிருந்தாள்.

இரகுநாதன் தன் வாழ்நாளில் எந்தப் பிள்ளைக்கும் எழுபத்தெட்டுக்கு மேல் போட்டதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். நாற்பத்தோராம் விண்ணப்பத்தைத் திறந்தார். வாசிக்கத் தொடங்குமுன்னே அவருடைய பெயருக்கு நேரே நூறு விழுந்தது. கைபட்டுவிட்டதோ என்று அழித்தார். மூடித் திறந்தார். நூறு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தரம் திறந்தார். நூறு. பக்கத்திலிருந்த அதிபரும் தன்னுடையதில் திறந்து பார்த்தார். அங்கேயும் நூறு.

"கஜன்!" என்று கூப்பிட்டார்.

கஜரூபன் வந்து இணையப் பக்கத்தின் உள்ளே பார்த்தபோது அந்த ஐந்து வரியும் சட்டியின் அடிக்கருகலைப் போல அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. மாமாவுக்கு அவற்றை விரலால் மட்டும் காட்டினான். சஜீவனியைக் கூட்டிவரச் சொன்னார்கள். அவள் படியேறும்போது, பத்துக்குள் வந்துவிட்டதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

"இது நீர் எழுதினதோ?" என்று கேட்டார் இரகுநாதன்.

அவள் திரையைப் பார்த்தாள். "ஆமாங்க சேர். ஆனா…"

"ஆனா எண்டு ஒண்டும் வேண்டாம். ஓமோ, இல்லையோ?"

"ஆமாங்க. கஜரூபன் சேருக்குக் காட்டத்தாங்க எழுதினேன். அவருக்குத் தெரியும். அவரே திறந்து பாத்தாரு. எடுத்துட்டேன்னும் சொன்னாரு."

அறையிலிருந்த எல்லாரும் கஜரூபனைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். ஓம் மாமா, எனக்குத் தெரியும், நான்தான் மறந்துபோனேன். இவ்வளவுதான் அவன் சொல்லவேண்டியிருந்தது. சொன்னால் அடுத்த கேள்வி வரும், வடிகட்டியைக் கழற்றியது யார் என்று. அதற்கடுத்த கேள்வியும் வரும், சரியான வைத்தியத்தைச் சொல்லியும் ஏன் செய்யவில்லை என்று. கஜரூபன் அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்கு இவ ஒண்டும் காட்டேல்லை மாமா."

சஜீவனிக்கு அழுகை வரவில்லை. அவன் எவ்வளவு இலேசாக அதைச் சொன்னான் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. தேநீருக்குச் சீனி வேண்டாம் என்று சொல்கிறவன் மாதிரிச் சொன்னான்.

"லயத்துக்குள்ள கிடந்ததைக் கொண்டுவந்து கதிரையில இருத்தினது என்ர பிழை" என்றார் இரகுநாதன். அவர் கெட்டவர் இல்லை. தன் கண்ணால் கண்டதையும் தன் தங்கை மகன் சொன்னதையும் நம்பினார். கெட்டவராக இருந்திருந்தால்கூட அந்த வார்த்தை இவ்வளவு சுட்டிருக்காது. "ஈஸ்வரி உயிரோட இருந்திருந்தா உம்மைப் பார்த்து வெட்கப்பட்டிருப்பா."

விண்ணப்பம் தள்ளுபடி. வேலையும் போயிற்று. மற்றப் பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று அறிவித்தல் பலகையில் போட ஒரு கடிதமும் வாய்மொழியாகச் சொன்னார். அதைத் தட்டச்சு செய்ய அந்தக் கட்டடத்தில் வேறு ஆள் இல்லை. ஆகவே சஜீவனியே கீழே போய் அமர்ந்து, சஜீவனி சிங்கராயர் என்பவர் மோசடி செய்து பிடிபட்ட விபரத்தைத் தட்டச்சு செய்தாள். ஒரு பிழைகூட இல்லை. இரகுநாதன் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு புறப்படும்போது கஜரூபன் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "இனி ஒருத்தரும் இப்பிடிச் செய்யேலாது மாமா. பழைய பில்டரைத் திரும்பவும் போட்டிட்டன்."

சஜீவனி வாசலில் நின்றாள். பழைய வடிகட்டியா? அது திரும்பவும் ஈஸ்வரியை விழுங்குமே! காரணத்தை மறந்தேவிட்டானா இந்த மடையன்? திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டாள். விழுங்கட்டும். கிழவர் ஒருநாள் தளத்தைத் திறந்து தன் மனைவியின் பெயர் இல்லாததைப் பார்த்துக் கத்தட்டும். அப்போது இவன் தலையைச் சொறியட்டும். அப்போது என்னைத் தேடட்டும். இருபத்திரண்டு வருடத்தில் அவள் யாருக்கும் நினைத்த முதல் கெடுதல் அது. அதை நெஞ்சில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பசறை பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டில் எல்லாவற்றையும் தாயிடம் சொன்னாள். ஏப்ரல் பதினெட்டைச் சொன்னாள், மூன்று தரம் கேட்டதைச் சொன்னாள். சொல்லும்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. தளத்தில் யார் எந்த நாளில் என்ன புள்ளி போட்டார், அழித்தார் என்று ஒரு பதிவு இருக்கும். பதினெட்டாம் திகதி கஜரூபனின் பெயரில் நாற்பத்தொன்றுக்கு நூறு விழுந்ததும் அவன் அதை அழித்ததும் அதில் கட்டாயம் இருக்கும்.

"அப்ப அதக் காட்டுனா அந்தாளு பொய் சொன்னது தெரிஞ்சிரும்ல?" என்றாள் இருதயம்மா.

"தெரியும். யாரும்மா அதைத் திறந்து பாக்கப் போறாங்க?"

"மனு போடலாமே புள்ள."

போடலாம்தான். தள்ளுபடியானவரின் தாயோ தகப்பனோ பதினான்கு நாளுக்குள் தளம் வழியாக, அதே பாமினி எழுத்தில், ஒரே ஒரு மனு அனுப்பலாம் என்று விதி இருந்தது. அது நேரே இரகுநாதனுக்குத்தான் போகும், அவர் ஒவ்வொன்றையும் தாளில் எடுத்து வாசிப்பார். "கெஞ்ச வேணாம்மா. அவங்களே கூப்பிடுவாங்க, இருங்க" என்றாள் சஜீவனி. ஏன் கூப்பிடுவார்கள் என்பதைத் தாயிடம் சொல்லவில்லை. நாளெண்ணிக்கொண்டு, ஈஸ்வரியின் பெயர் காணாமல்போகிற நாளுக்காகக் காத்திருந்தாள். தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்கு வந்து நிற்பாள். ஒருவரும் கூப்பிடவில்லை.

யூலை முதல் வாரத்தில் ஒரு நாள் மத்தியானம், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த இருதயம்மா தோட்டத்து ஆபிசில் கொடுத்ததாக ஒரு நீளக் கவரை நீட்டினாள். நிலையத்தின் முத்திரை இருந்தது. தாயின் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்த்ததும் சஜீவனிக்குச் சந்தேகம் வந்தது.

"நீங்க ஏதாச்சும் செஞ்சீங்களாம்மா?"

"மொதல்ல படி புள்ள."

உரித்தாள். கவர் இருதயம்மாவின் பெயருக்கு வந்திருந்தது.

'தங்கள் மகளின் இல. 41 விண்ணப்பம் தொடர்பாக யூன் 11ஆந் திகதி தாங்கள் அனுப்பிய மனு கிடைத்தது. அதில் ஒரு சொல்லேனும் எழுதப்பட்டிருக்கவில்லை. தளத்தில் பழுது ஏதும் இல்லை என என் மருமகன் உறுதிப்படுத்தியுள்ளார். தங்கள் மகளுக்காகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதைத் தாங்களே ஒப்புக்கொள்வதாக எடுத்துக்கொள்கிறேன். ஆனால் காலஞ்சென்ற என் மனைவியின் பெயரால் நடக்கும் நிலையத்துக்கு வெற்று மனு அனுப்பிக் கேலி செய்ததை என்னால் மன்னிக்க முடியாது. அந்த இடம் வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிட்டது. இது பற்றி இனி எந்தக் கடிதமும் ஏற்கப்படமாட்டாது.'

கீழே இரகுநாதனின் கையெழுத்து. கூடவே மனுவின் அச்சுப் பிரதியும் இணைத்திருந்தார். உச்சியில் இலக்கம், திகதி, அனுப்பியவர்: சிங்கராயர் இருதயம்மா. அதற்குக் கீழே தாள் முழுக்க வெள்ளை.

சஜீவனி உரக்க வாசித்ததைக் கேட்டு இருதயம்மா முதலில் சிரித்தாள், வேறு யாருடைய கடிதமோ என்று. பிறகு தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். எழுத வாசிக்கத் தெரியாவிட்டாலும் வெள்ளைத் தாள் வெள்ளைத் தாள்தானே. "இல்லியே புள்ள! எல்லாத்தையும் சொன்னேனே. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு பசறைக்குப் போயி, கொமினிகேசன் கடைல கம்ப்யூட்டர் அடிக்கிற அந்த ஹம்ஸியாப் புள்ளகிட்ட ஒண்ணு விடாம சொன்னேன். சித்திர மாசம் பதினெட்டாந் தேதியச் சொன்னேன். பதிவு இருக்கு, அதத் தொறந்து பாருங்கன்னு சொன்னேன். அந்தப் புள்ள அடிச்சு முடிச்சு வாசிச்சும் காட்டுச்சு. கேட்டுட்டு நான் அங்கயே அழுதுட்டேன். அந்தப் புள்ளயும் அழுதுச்சு."

சஜீவனி கேட்டாள்: "எப்படிம்மா ஆரம்பிச்சீங்க?"

"எப்படி ஆரம்பிப்பாங்க? ஈஸ்வரி அம்மாவக் கும்பிட்டுத்தான். அதுதானே மொதல் வார்த்தை?"

"நடுவுல எங்கயாச்சும் கமா போட்டுச்சாம்மா அந்தப் புள்ள?"

"கமாவா? அது என்னா?"

"நிறுத்துறதுக்குப் போடுற புள்ளி. வாலு மாதிரி இருக்கும்."

"நான் எங்க புள்ள நிறுத்துனேன்? அழுதுகிட்டே சொல்லிக்கிட்டே போனேன். அதுவும் அடிச்சுக்கிட்டே போச்சு."

சஜீவனி வாசற்படியில் அமர்ந்தாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை. ஏப்ரல் பதினெட்டும், மூன்று தரம் கேட்டதும், பதிவும், தாயின் அழுகையும் எல்லாம் சேர்த்து. சேமிப்பில்கூட ஒன்றும் மிஞ்சியிருக்காது. நெஞ்சு எரிந்தது. கஜரூபனுக்கென்று வைத்த நெருப்பு அல்லவா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கைப்பையோடு வாசலில் நின்ற அந்த அரை நிமிடத்தில் ஒரே ஒரு வார்த்தை.

இருதயம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மழையில் ஊறிய படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்கவும் மறந்திருந்தாள். "அந்தம்மா பேர முன்னால போட்டது தப்பாயிருச்சா?"

"இல்லம்மா. தப்பில்ல."

"அப்ப நான் சொன்னதெல்லாம் எங்க போச்சு?"

சஜீவனி தாயின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அந்த மெசின் பழுதும்மா."

இருதயம்மா வெள்ளைத் தாளை மடியில் வைத்து நீவிவிட்டாள். மகளை நினைத்து அவளுக்கு எப்போதும் வருகிற பெருமையோடு சொன்னாள்.

"நீ அங்க இருந்திருந்தா சொல்லியிருப்பே புள்ள. ஒரு வார்த்தைல சரி பண்ணியிருப்பே."